சிறுகுறிஞ்சான்

நம் நாட்டு மலையடிவாரப் புதர்களில், பிற செடிகளைச் சுற்றிப் படரும் கொடிகளுள் சிறுகுறிஞ்சானும் ஒன்று. எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த இதன் இலைகள் எதிரெதிராக அமைந்தவை. மலர்கள் மிகச் சிறியவை, மஞ்சள் நிறத்தவை. பெயரின் ஒலி கருதி இதனைக் குறிஞ்சிப்பூவோடு சேர்த்து எண்ணுவாரும் உளர். இரண்டும் வேறு வேறு. சர்க்கரைக்கொல்லி என்பது இதற்கு வழங்கும் மற்றொரு பெயர். வடநாட்டாரும் வெல்லத்தை அழிப்பது என்னும் பொருள்படக் குர்மார் என்பர்.

இப்பெயரின் காரணத்தை நாவே கூறும். இளமையில் யான் இவ்விலை இரண்டை மென்று துப்பிவிட்டுச் சர்க்கரையை வாயிலிட்டேன். மணலைத் தின்றாற்போல் இருந்தது! உப்பும் புளிப்பும் மாறவில்லை; இனிப்பு ஒன்றே மறைந்தது. உதகமண்டலத்தில் பணிபுரிந்த டேவிட் ஹூப்பர் என்னும் வேதியியல் அறிஞர், இவ்வியல்புக்குக் காரணமான பொருளை இலையினின்று பிரித்து, ஜிம்னீமிக் அமிலம் எனப் பெயரிட்டு 1887-ஆம் ஆண்டில் வெளியிட்டார். நாவரும்புகளில் இனிப்பை உணரும் இடங்களை இவ்வமிலம் பற்றிக்கொள்கிறது. அதனால் சர்க்கரை வாயில் இருந்தும் அதன் சுவை சிறிது நேரம் புலப்படுவதில்லை.

நாவில் சர்க்கரையைக் கொல்லும் இலை குருதியிலும் அதனைக் கொல்லாதோ என மக்கள் எண்ணுதல் இயல்பே. ஆயினும் அஃது ஒப்புமையே, சான்று அன்று. நாவில் அழிந்தது உணர்ச்சி, சர்க்கரை அன்று. நீரிழிவோ, கணையம் சுரக்கும் இன்சுலின் போதாமையாலோ, உடல் அதனை ஏற்றுப் பயன்கொள்ளாமையாலோ குருதியில் சர்க்கரை மிகும் நோயாகும்.

எனினும், ஆராயாது தள்ளுதலும் அறிவுடைமை ஆகாது. சென்னை ஆய்வாளர் சிலர், நீரிழிவுடைய 22 பேருக்கு, அவர்கள் உண்டுவந்த மாத்திரைகளோடு இவ்விலையின் சத்தையும் நாள்தோறும் 400 மில்லிகிராம் அளவில், 18 முதல் 20 திங்கள் வரை அளித்து, முடிவை 1990-இல் வெளியிட்டனர். குருதிச் சர்க்கரை குறைந்திருந்தது. ஐவர் மாத்திரையை அறவே விட முடிந்தது, ஏனையோர் விடவில்லை. 22 என்பது சிறு தொகை என்பதையும் நினைவிற் கொள்க.

என் நண்பர் ஒருவர் இச்செய்தியில் ஐவரை மட்டுமே கேட்டார் போலும்! மாத்திரைகளை நிறுத்திவிட்டு இலைப்பொடியை உண்டார். தேநீர் இனிக்கவில்லை, ஆதலின் நோய் தணிந்தது என நம்பினார். காலிற் பட்ட சிறு புண் ஆறாது பரவ, இரண்டு விரல்களை இழந்தார். மருத்துவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பொடியை விரும்பினால் தம்மிடம் கூறிவிட்டே உண்ண வேண்டும் என்றும், இரண்டும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மேல் தாழ்த்திவிடவும் கூடும் என்றும் விளக்கினார். இன்றும் நண்பர் வீட்டு வேலியில் அக்கொடி படர்ந்திருக்கிறது. மூன்று திங்களுக்கு ஒருமுறை அவர் குருதியைச் சோதித்து வருகிறார்.