உண்டியலைக் கவிழ்த்துப் பாருங்கள்... ஆனால் முன்பணம் மட்டும் கட்டாதீர்கள்!

மளிகைக் கடையில் தரும் மீதிச் சில்லறையை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. 2008-ல் பிரிட்டனில் அப்படிக் கைமாறிய ஒரு 20 பென்ஸ் காசு, பின்னர் பலரையும் உண்டியலைக் கவிழ்க்க வைத்தது.

காரணம், அந்தக் காசின் இரண்டு பக்கத்திலும் ஆண்டு இல்லை! அந்த வருடம் ராயல் மின்ட் புது டிசைனுக்கு மாறியது. பின்பக்கம் இருந்த ஆண்டு, ராணியின் தலை உள்ள பக்கத்துக்கு வந்தது. ஆனால், ஒரு தொகுதிக்கு மட்டும் பழைய தலைப்பக்க அச்சும் புதிய பின்பக்க அச்சும் ஜோடி சேர்ந்துவிட்டன. சுமார் 2,50,000 காசுகள் வரை இப்படி வெளியே போயிருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். கடையில் அது வெறும் 20 பென்ஸ். சேகரிப்பாளர்களிடம் பல மடங்கு விலை.

நம் ஊர்க் காசில் எதைக் கவனிக்கலாம்?

* படம் ஒரு பக்கமாக விலகி, மறுபக்கம் வெறும் பிறையாக இருக்கிறதா?
* 10 ரூபாயின் நடுவட்டம் இடம் மாறியிருக்கிறதா?
* புத்தகப் பக்கம்போலத் திருப்பினால், பின்பக்கமும் நேராக நிற்க வேண்டும். தலைகீழாகவோ சாய்ந்தோ நின்றால், அச்சு திரும்பியிருக்கிறது.

தேய்ந்தது, நசுங்கியது, ஓட்டை போட்டது எல்லாம் பிழைக் காசு அல்ல. அவை வெளியே வந்த பிறகு பட்ட அடி.

ஆண்டுக்குக் கீழே வைரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா. எந்தக் குறியும் இல்லையா? பிழை என்று துள்ள வேண்டாம். அது கொல்கத்தாவில் அடித்தது!

சந்தேகத்துக்குரிய காசு கிடைத்தால், புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், மதிப்பு போய்விடும். காகித உறையில் போட்டுவைத்து, நாணயக் கண்காட்சிகளில் இரண்டு மூன்று பேரிடம் காட்டுங்கள்.

கடைசியாக, முக்கியமானது. ‘வைஷ்ணோதேவி காசு இருந்தால் லட்சங்கள்’ என்று செல்போனுக்கு வரும் தகவலை நம்ப வேண்டாம். அது புழக்கத்துக்காகவே வெளியிட்ட நினைவு நாணயம். பழைய காசை விற்றுத் தருவதாக ரிசர்வ் வங்கியின் பெயரிலேயே சிலர் கட்டணம், கமிஷன், வரி என்று பணம் பறிப்பதாக 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரித்தது.

காசை வாங்க வருபவர் பணம் கொடுக்கத்தான் வேண்டும். உங்களிடம் முதலில் பணம் கேட்டால், பிழை காசில் இல்லை, ஆளிடம்தான்!