மின்கம்பி சுமக்கும் செய்தி

உயரழுத்த மின்கம்பிகள் மின்சாரத்தோடு செய்தியையும் சுமப்பதுண்டு. 50 ஹேட்ஸ் மீடிறனுடைய மின்னோட்டம் பாயும் கம்பியிலேயே, பல்லாயிரம் ஹேட்ஸ் மீடிறனுடைய சைகையும் செல்கின்றது. ஆனால் அது வழியில் நலிகின்றது. ஒரு குறித்த தூரத்தில் அதன் வலு பாதியானால், இருமடங்கு தூரத்தில் காற்பங்கே எஞ்சும். நிலத்தை மீள்வழியாகக் கொள்ளும் அலை விரைவில் தேயும். கம்பிகளுக்கிடையே செல்லும் அலையோ நெடுந்தூரம் தாங்கும். நிலத்தினால் நேரும் இழப்பைக் கணிக்க உதவும் சூத்திரத்தை அமெரிக்கரான ஜோன் கார்சன் 1926ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

குளிர்நாடுகளில் கம்பிமீது உறைபனி படிந்தால் இழப்பு மேலும் பெருகும். ஆகவே, நல்ல நாளை எண்ணிக் கணித்தல் போதாது. மிகக் கெட்ட நாளையும் எண்ணுதல் வேண்டும். ஏனெனில், கம்பியில் பழுது நேர்ந்த கணத்தில், மின்னைத் துண்டிக்குமாறு மறுமுனைக்கு ஆணை கொண்டுசெல்வதும் இச்சைகையே. அது சேரத் தவறின், ஒரு கம்பியின் பழுது பல ஊர்களை இருளில் ஆழ்த்தக்கூடும்.