மரத்தரை போடப் போகிறீர்களா? எண்ணைக் கேளுங்கள்!

சிவப்புச் சிமெண்டுத் தரையும் மொசைக்கும் போய், கிரானைட்டும் டைல்ஸும் வந்து, இப்போது நம்மூர் ஃபிளாட்டுகளில் படுக்கையறைக்கு மரத்தரை போடுகிற ஆசை பரவியிருக்கிறது. குழந்தை விழுந்தாலும் பலமாக அடிபடாது, மார்கழியில் கால் சில்லிடாது, பார்க்கவும் லட்சணம். கடையில் அடுக்கி வைத்திருப்பதில் பலதும் கப்பலில் வந்து இறங்கியவை.

கடைக்காரர் எல்லாவற்றையும் ‘உட்டன் ஃபுளோரிங்’ என்ற ஒரே பெயரில்தான் காட்டுவார். ஆனால் துறைமுகத்தில் அதற்கு ஒரே பெயர் கிடையாது. ஐந்து இடங்களில் எதில் வேண்டுமானாலும் அது போய் விழலாம். அது எந்த இடம் என்று தெரிந்தால்தான் நாம் வாங்குவது மரமா, மரநார் அட்டையா, பிளாஸ்டிக்கா என்பது புரியும். ‘கஸ்டம்ஸ் விவகாரத்துக்கும் அடுப்பங்கரைக்கும் என்ன சம்பந்தம்?’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். தவழுகிற குழந்தை உள்ள வீடென்றால் அவசியம் படியுங்கள்.

என் ஓரகத்தியின் தம்பி சென்னையில் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறார். ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸுக்கு நடையாய் நடப்பவர். எனக்கு இதெல்லாம் அவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததுதான்.

உலகத்தில் கப்பலேறுகிற சாமான் அத்தனைக்கும் ஒரு அஞ்சறைப் பெட்டி இருக்கிறது. பெல்ஜியத்தில், பிரஸ்ஸல்ஸ் நகரிலுள்ள உலகச் சுங்க அமைப்பு பராமரிக்கும் பட்டியல் அது. 1988 ஜனவரி 1 முதல் உலக அளவில் அமலுக்கு வந்தது. நம் நாடு அதற்கு முன்பே, 1986-லேயே, அதையொட்டித் தன் சுங்கப் பட்டியலை மாற்றி அமைத்துக்கொண்டது. மரமும் மரச் சாமான்களும் 44-ஆம் அத்தியாயம். எண்ணின் முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. பின்னால் வருவது அந்தந்த நாடு சேர்த்துக்கொள்வது. நம்முடையது மொத்தம் எட்டு இலக்கம்.

இனி தரைக்கு வருவோம். முழு மரத்தை அறுத்து, இழைத்து, ஒரு ஓரத்தில் நாக்கும் மறு ஓரத்தில் காடியும் எடுத்த தனித்தனிப் பட்டை என்றால் அது 4409. மூங்கில் பட்டைக்கும் இதே தலைப்பில் தனி உட்பிரிவு உண்டு. நிஜ மரப் பட்டைகளைச் சேர்த்து, அடியில் வேறு மர அடுக்கு கொடுத்துப் பலகையாகக் கோத்திருந்தால் 4418. அதேபோலத் தோற்றம், ஆனால் ஒட்டுப்பலகையின் மேல் மெல்லிய வினீர் தகடு ஒட்டியதுதான் என்றால் 4412. ‘எஞ்சினியர்டு வுட்’ என்று கடையில் சொல்வது இந்த இரண்டில் ஏதாவது ஒன்றாக இருக்கும். மேல் அடுக்கு கனமா, காகிதம் போல மெல்லிசா என்பதில்தான் ஆபீஸில் வாதமெல்லாம் நடக்கிறதாம். நமக்கும் அது முக்கியம். கனமான மேல் அடுக்கை நாளைக்கு இழைத்து மறுபடி பாலிஷ் போடலாம். தகடு தேய்ந்தால் தேய்ந்ததுதான்.

அடுத்தது 4411. மரத்தை நாராக்கி, பிசின் கலந்து, அழுத்திச் செய்த பலகை. எம்.டி.எஃப். என்று தச்சர்கள் சொல்வார்களே, அதுவேதான். அதன்மேல் மரத்தின் ரேகையை அச்சடித்த காகிதம், அதற்குமேல் கண்ணாடி போன்ற பூச்சு. இதுதான் ‘லேமினேட்’. தேக்கு மாதிரி இருக்கும், ஓக் மாதிரி இருக்கும், தெரிவது அச்சுதான்.

“அதிலும் நாக்கும் காடியும் இருக்கே, அதை ஏன் 4409-ல சேர்க்கலை?” என்று கேட்டேன்.

“நிலக்கடலையை அரைச்சு வைர வில்லையா வெட்டிட்டா முந்திரி கேக் ஆயிடுமாக்கா?” என்றார்.

அவர் வேடிக்கையாகச் சொன்னாலும் 44-ஆம் அத்தியாயத்தின் முன்குறிப்பு சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான். நார்ப்பலகையையும் ஒட்டுப்பலகையையும் 4409-ல் வருகிற பட்டைகளின் வடிவத்துக்குச் செதுக்கினாலும் அவை தம் பழைய தலைப்பிலேயே இருக்கும். எம்.டி.எஃப். வகையில் உட்பிரிவு கனத்தைப் பொறுத்தது. 8 மில்லிமீட்டர் லேமினேட் 4411 13. 12 மில்லிமீட்டர் என்றால் 4411 14.

ஐந்தாவது மரமே இல்லை! எஸ்.பி.சி. என்றும் வினைல் என்றும் விற்பது பிளாஸ்டிக் தரை. அது 39-ஆம் அத்தியாயம், 3918. தண்ணீர் பட்டாலும் ஊறாது என்பது இதற்கு உள்ள நல்ல குணம். வேண்டியவர்கள் தெரிந்தே வாங்கட்டும். மரத்தின் விலை கொடுத்து வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

எண் மாறினால் தீர்வையும் மாறக்கூடும் என்பதால்தான் இறக்குமதி செய்பவர் ஒரு எண் சொல்ல, அதிகாரி இன்னொரு எண் சொல்ல, துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்புகிற கதையெல்லாம். அந்த வீதங்கள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறவை. அந்தக் கணக்கு வியாபாரிகளுக்கு. நமக்கு வேண்டியது உடம்பு சம்பந்தமான கணக்கு.

நார்ப்பலகையைப் பிடித்து வைத்திருக்கும் பிசின் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு சேர்ந்தது. அந்த வாயு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிக்கொண்டே இருக்கும். கண் எரியும், மூக்கும் தொண்டையும் கரகரக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்குச் சிரமம் கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் சேர்த்தது. வெப்பமும் ஈரப்பதமும் ஏறினால் வாயு அதிகமாக வெளிவரும். சென்னை, நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை!

அமெரிக்காவில் லம்பர் லிக்விடேட்டர்ஸ் என்ற பெரிய தரை வியாபார நிறுவனம் இருந்தது. அது விற்ற சீன லேமினேட்டில் இந்த வாயு அளவுக்கு மீறி இருப்பதாக 2015 மார்ச்சில் தொலைக்காட்சியில் செய்தி வந்து பெரிய களேபரமாயிற்று. அந்த மே மாதமே விற்பனையை நிறுத்தினார்கள். அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2016 பிப்ரவரியில் ஆபத்தைக் கணக்கிட்டு, லட்சம் பேரில் கூடுதலாக 2 முதல் 9 பேருக்குப் புற்றுநோய் வரலாம் என்றது. பிறகு பார்த்தால், கூரை உயரத்தை அடியிலிருந்து மீட்டருக்கு மாற்றாமல் போட்ட கணக்காம் அது! திருத்தியதும் 6 முதல் 30 பேர் என்று ஆயிற்று. அதே நிறுவனம் இன்னொரு வழக்கில், ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் வெட்டிய ஓக் மரத்தை வேறு ஓக் என்று சுங்கப் படிவத்தில் எழுதிய விவகாரம் உள்பட, குற்றத்தை ஒப்புக்கொண்டு, சுமார் 1 கோடியே 31 லட்சம் டாலர் கட்டியது. படிவத்தில் எழுதுகிற ஒரு வார்த்தைக்கு இத்தனை பெறுமானம்.

இதனால் 4411 என்றாலே விஷம் என்று நான் சொல்லவில்லை. 4412, 4418 பலகைகளிலும் பசை உண்டு; ஒட்டு இல்லாத முழு மரப் பட்டையில்தான் இந்தத் தொல்லை மிகக் குறைவு. நார்ப்பலகைதான் கட்டுப்படியாகும் என்றால் பெட்டியின்மேல் ‘ஈ-1’ என்ற குறி இருக்கிறதா பாருங்கள். வாயு குறைவாக வெளிவிடும் பலகைக்கான ஐரோப்பியத் தரக் குறியீடு அது. தரை போட்ட பிறகு சில நாட்கள் ஜன்னல்களை நன்றாகத் திறந்து வைத்து, அந்த அறையில் கைக்குழந்தையைப் படுக்கவைக்காமல் இருப்பது நல்லது. வாளித் தண்ணீர் ஊற்றித் துடைக்கிற நம் வழக்கமும் அங்கே செல்லாது. நார் ஊறி, ஓரங்கள் அப்பளம் மாதிரி உப்பிவிடும்.

எண்ணை எங்கே பார்ப்பது? ஜி.எஸ்.டி. பில்லில் ‘எச்.எஸ்.என்.’ என்றொரு கட்டம் இருக்கும். அதுவும் இதே பட்டியலின் எண்தான். வருஷத்துக்கு 5 கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரம் உள்ள கடையானால் ஆறு இலக்கம் போட வேண்டும். சின்னக் கடைகளில் நான்கு இலக்கம் இருக்கலாம். நம்மைப் போன்ற சில்லறை வாடிக்கையாளருக்கு எழுதாமலும் விடலாம். தரை போட்டுக் கொடுக்கும் கூலியோடு சேர்த்துப் போட்ட பில்லில் 99 என்று தொடங்கும் எண் இருந்தால் அது வேலைக்கான எண். அதிலிருந்து பலகையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, “கொட்டேஷனில் பலகைக்குத் தனியாக எச்.எஸ்.என். எழுதிக் கொடுங்கள்” என்று கேட்டு வாங்குங்கள். கூடவே ஒரு சாம்பிள் துண்டு கேட்டு, அதன் வெட்டு முகத்தைப் பாருங்கள். ரேகை மேலிருந்து கீழ்வரை ஓடினால் முழு மரம். அடுக்கடுக்காக இருந்தால் 4412 அல்லது 4418. காப்பிப்பொடியை அமுக்கினாற்போல ஒரே சீராக இருந்தால் நார்ப்பலகை. எண் ஒன்றும் துண்டு வேறொன்றும் சொன்னால் அங்கேயே கேட்டுவிடலாம்.

வேலை முடிந்ததும் மிச்சமான பலகை இரண்டையும் பெட்டி லேபிளையும் பில்லோடு சேர்த்துப் பரணில் போட்டு வையுங்கள். பின்னால் ஒரு பலகை ஊறிப்போனால் அதே கனத்தில், அதே காடியில் ஜோடி தேட அவை வேண்டியிருக்கும்.