கெடுத்துப் பழக ஒரு நெட்வொர்க்

கறுப்புத் திரையில் பிங் கொடுக்கிறீர்கள். நான்கு வரி வருகிறது. நான்கிலும் பதில் இல்லை. கேபிள் செருகியிருக்கிறது, விளக்கு பச்சையாக எரிகிறது, ஐபி முகவரி கொடுத்தாயிற்று. பாடத்தில் சொன்னதை எல்லாம் செய்திருக்கிறீர்கள், ஆனாலும் போகவில்லை. இந்த இடத்தில் அடுத்து எதைப் பார்ப்பது என்று தெரிந்தவரைத்தான் நெட்வொர்க் வேலைக்குத் தேடுகிறார்கள். அந்தத் தெளிவு காணொளி பார்த்து மட்டும் வராது. பலமுறை கெட்டு, பலமுறை சரிசெய்து, கைப்பழக்கமாக வருவது. வீட்டில் லேப் வைப்பது அதற்குத்தான்.

சிசிஎன்ஏ தேர்வுக்குப் படிப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நெட்வொர்க் பிளஸ் அல்லது ஜூனிபரின் தொடக்கநிலைத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் லேப் வைத்துப் பழகும் முறை பெரிதும் இதேதான்.

தேர்வு கேட்பது என்ன?

சிஸ்கோ நிறுவனம் 1998இல் தொடங்கிய சான்றிதழ் சிசிஎன்ஏ. இதன் 200-301 என்ற தேர்வு 2020 பிப்ரவரியில் வந்தது. 2024 ஆகஸ்டில் 1.1 பதிப்பாகத் திருத்தப்பட்டது. நேரம் 120 நிமிடம். கட்டணம் 300 அமெரிக்க டாலர், வரி தனி. இன்ன பட்டம் வேண்டும், இன்ன தேர்வை முதலில் முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. தேர்ச்சி 3 ஆண்டுகளுக்குச் செல்லும். ஒரு கேள்வியைக் கடந்துவிட்டால் திரும்பிப் போய்த் திருத்த முடியாது. கட்டளைகளைத் தட்டி வேலையை முடித்துக் காட்டச் சொல்லும் கேள்விகளும் உண்டு.

பாடத்திட்டத்தின் எடையைப் பாருங்கள்: ரூட்டிங் 25 விழுக்காடு, அடிப்படைகள் 20, ஸ்விட்சிங்கும் வயர்லெஸ்ஸும் 20, பாதுகாப்பு 15, டிஹெச்சிபி, நாட் போன்ற சேவைகள் 10, ஆட்டோமேஷன் 10. முதல் மூன்றும் சேர்ந்தால் 65. இந்த 65தான் லேபில் கைவைத்துக் கற்க வேண்டிய பகுதி. எதற்கு எவ்வளவு நாள் ஒதுக்குவது என்பதை இந்தக் கணக்கைப் பார்த்தே முடிவுசெய்யலாம்.

லேப் வைக்க மூன்று வழிகள்

முதல் வழி பாக்கெட் டிரேசர். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியின் தளத்தில் பதிவு செய்தால் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் இது. ரூட்டர், ஸ்விட்ச், கணினி எல்லாவற்றையும் திரையில் இழுத்துப் போட்டு இணைக்கலாம். சாதாரண மடிக்கணினியே போதும். இதிலுள்ள சிமுலேஷன் முறையில் ஒரு பாக்கெட் எங்கிருந்து கிளம்பி எங்கே நிற்கிறது என்பதை ஒவ்வோர் அடியாகப் பார்க்கலாம். தொடக்கக்காரருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இது உண்மையான ரூட்டரின் மென்பொருள் அல்ல, அதைப்போல நடிக்கும் மென்பொருள். சில கட்டளைகள் இதில் வேலை செய்யா.

இரண்டாவது வழி ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி, சிஸ்கோ மாடலிங் லேப்ஸ் போன்றவை. இவை ரூட்டரின் உண்மையான மென்பொருளையே உங்கள் கணினிக்குள் ஓட்டுகின்றன. அதனால் நிஜக் கருவி போலவே நடந்துகொள்ளும். ஆனால் கணினியில் நிறைய நினைவகம் வேண்டும். முதல் இரண்டுக்கும் சிஸ்கோவின் மென்பொருளை முறையான உரிமத்தோடு நீங்களே கொண்டுவர வேண்டும். சிஸ்கோ மாடலிங் லேப்ஸில் 5 கருவிகள் வரை ஓட்டும் இலவசப் பதிப்பு இருக்கிறது. இரண்டு மூன்று ரூட்டர் வைத்துப் பழக அது போதும்.

மூன்றாவது வழி, பழைய நிஜக் கருவிகளை வாங்கி மேசையில் அடுக்குவது. இது கட்டாயமில்லை. பணம் இல்லாததால் லேப் வைக்க முடியவில்லை என்று யாரும் தயங்க வேண்டாம். பாக்கெட் டிரேசரோடு மட்டும் பழகியே தேர்வுக்கு உட்காரலாம். ஆனால் கையில் கொஞ்சம் பணம் இருந்தால், ஒரே ஒரு பழைய ஸ்விட்சாவது வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். திரை சொல்லித் தராத சிலவற்றை அது சொல்லித் தரும்.

பழைய பெட்டி வாங்கும்போது

பயிற்சிக்குப் பலரும் வாங்குவது சிஸ்கோ 2960 வகை ஸ்விட்சும், 1841 அல்லது 1941 ரூட்டரும். இவை அலுவலகங்களில் ஓடி ஓய்ந்தவை. கன்சோல் கேபிளையும் மறக்காமல் வாங்குங்கள்: வெளிர்நீலத்தில் தட்டையாக இருக்கும், கணினிப் பக்கத்துக்கு யுஎஸ்பி முனை உள்ளதாகப் பாருங்கள். புட்டி என்ற இலவச மென்பொருளில் வேகத்தை 9600 என்று வைத்துத் திறந்தால் பெட்டி உங்களோடு பேசத் தொடங்கும்.

முன்பு வைத்திருந்தவரின் பாஸ்வேர்டு உள்ளே இருந்தால் பயப்பட வேண்டாம். அதை நீக்குவதே நல்ல முதல் பாடம். ரூட்டர் எழும்போது இடைமறித்து, கான்ஃபிக் ரிஜிஸ்டரை 0x2142 என்று மாற்றினால், சேமித்த அமைப்பைப் படிக்காமல் எழும். வேலை முடிந்ததும் 0x2102க்குத் திருப்ப மறக்காதீர்கள். மறந்தால் நீங்கள் சேமிப்பதையும் அது படிக்காது. ஸ்விட்சில் இன்னொரு கண்ணி உண்டு. அமைப்பை அழித்துவிட்டோம் என்று நினைப்போம், பழைய விலேன்கள் அப்படியே இருக்கும். காரணம், விலேன் விவரம் ஃபிளாஷ் நினைவகத்தில் தனிக் கோப்பாக இருக்கிறது. அதையும் அழித்து மறுபடி இயக்கினால்தான் ஸ்விட்ச் புதிதாகும்.

சத்தத்தையும் மின்சாரத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள். இந்தப் பெட்டிகள் படுக்கையறைக்காகச் செய்தவை அல்ல. விசிறி இரையும், சூடும் வரும். எல்லாமாகச் சேர்ந்து 100 வாட் இழுத்தால் 10 மணி நேரத்துக்கு ஒரு யூனிட். பழகும் நேரத்தில் மட்டும் போடுங்கள். வீட்டு வைஃபை ரூட்டரோடு லேபை இணைக்காதீர்கள். உங்கள் லேப் டிஹெச்சிபி, வீட்டிலுள்ளவர்களின் கைபேசிகளுக்கும் முகவரி கொடுக்க ஆரம்பித்துவிட்டால் வீட்டு இணையம் நின்றுபோகும்.

கிரிம்பிங் கருவியும் ஒரு கை நிறைய ஆர்ஜே45 முனைகளும் வாங்கி, கேபிளை நீங்களே செய்து பாருங்கள். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இந்த வரிசை விரலில் ஏறிவிட்டால், ஒரு முனையைப் பார்த்ததுமே அதன் தவறு கண்ணில் படும்.

பழகும் முறை

பலர் செய்வது இது: காணொளியில் ஒருவர் தட்டுகிற கட்டளையைத் தாமும் தட்டுவார்கள், பிங் போகும், அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். சரியாக ஓடிய நெட்வொர்க் உங்களுக்குக் கற்றுத்தருவது கொஞ்சம்தான். ஓடிய பிறகுதான் லேப் தொடங்குகிறது.

ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். அமைத்து, ஓடுகிறது என்று உறுதிசெய்ததும், ஒன்றே ஒன்றைக் கெடுங்கள். ஆனால் என்டர் தட்டுவதற்கு முன், என்ன நடக்கும் என்று நோட்டில் எழுதுங்கள். பிறகு தட்டிப் பாருங்கள். எழுதியதும் நடந்ததும் ஒன்றானால் உங்களுக்குப் புரிந்திருக்கிறது. வேறானால், அந்த வித்தியாசம்தான் அன்றைக்கான பாடம். ஒரே நேரத்தில் இரண்டைக் கெடுக்காதீர்கள்; எதனால் எது வந்தது என்று பிரிக்க முடியாமல் போகும்.

மூன்று எடுத்துக்காட்டு சொல்கிறேன்.

முதலாவது, மாஸ்க். ஒரே ஸ்விட்சில் இரண்டு கணினிகள். முதல் கணினிக்கு 192.168.1.10, மாஸ்க் 255.255.255.0. இரண்டாவதற்கு 192.168.1.200, மாஸ்க்கை மட்டும் 255.255.255.128 என்று மாற்றுங்கள். கேட்வே எதற்கும் வேண்டாம். இப்போது பிங் போகாது. ஏன்? முதல் கணினியின் கணக்கில் 200 என்பது அதே தெரு. ஆகவே நேராகக் கூப்பிடுகிறது. இரண்டாவதன் கணக்கில் அதன் தெரு 128இலிருந்து 255 வரைதான். 10 என்பது வெளியூர். வெளியூர் போக வழி கொடுக்கவில்லை என்பதால் பதில் கிளம்புவதே இல்லை. கேபிளும் சரி, ஸ்விட்சும் சரி. இரண்டு கணினிகளும் உலகத்தை வேறுவேறாகக் கணக்குப் போடுகின்றன, அவ்வளவுதான். இதை ஒருமுறை கண்ணால் பார்த்தவருக்கு சப்நெட் மாஸ்க் என்றால் என்ன என்று யாரும் மறுபடி விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, ஓஎஸ்பிஎஃப். இரண்டு ரூட்டர்களுக்கு இடையே இதை ஓட்டுங்கள். ஈதர்நெட்டில் 10 நொடிக்கு ஒருமுறை இரண்டும் ஒன்றுக்கொன்று வணக்கம் சொல்லிக்கொள்ளும். 40 நொடி சத்தமே இல்லையென்றால் மற்றது செத்துவிட்டதாக முடிவுகட்டும். ஒரு பக்கத்தில் மட்டும் அந்த 10ஐ 5 ஆக்குங்கள். அடிக்கடி வணக்கம் சொன்னால் உறவு பலப்படும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. இரண்டு பக்கமும் ஒரே எண்ணைச் சொன்னால்தான் வணக்கத்தை ஏற்கும், மாறினால் தள்ளிவிடும். 40 நொடி பொறுத்துப் பார்த்துவிட்டு, மறுபக்க ரூட்டரும் உறவை அறுத்துக்கொள்ளும். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

மூன்றாவது, சுழல். நிஜப் பெட்டியின் அருமை இதில்தான் தெரியும். இரண்டு ஸ்விட்சுகளுக்கு இடையே இரண்டு கேபிள் போடுங்கள். ஒரு போர்ட்டின் விளக்கு மட்டும் ஆரஞ்சாகவே நிற்கும். அது பழுதல்ல; ஸ்பானிங் ட்ரீ அந்தப் பாதையை அடைத்து வைத்திருக்கிறது. இதை 1985இல், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது ராடியா பெர்ல்மன் என்ற பெண் வடிவமைத்தார். அது எதற்கு என்று அறிய, அதை நிறுத்திப் பாருங்கள். சில நொடிகளில் எல்லா விளக்குகளும் வெறிபிடித்தது போல் மின்னும், கன்சோலில் எழுத்து விழுவதுகூடத் தடுமாறலாம். ஐபி பாக்கெட்டில் டிடிஎல் என்ற எண் உண்டு. ஒவ்வொரு ரூட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறைந்து, சுழியானதும் பாக்கெட் கைவிடப்படும். ஈதர்நெட் ஃபிரேமில் அப்படி ஓர் எண் கிடையாது. அதனால் எல்லாருக்குமான ஓர் அழைப்பு சுழலில் சிக்கினால், ஒரு கேபிளைப் பிடுங்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். பிடுங்குங்கள். உடனே அமைதி திரும்பும்.

தாளில் போட வேண்டிய கணக்கு

சப்நெட் கணக்கை மட்டும் மென்பொருளிடம் விடாதீர்கள். 10.1.1.77, மாஸ்க் /26 என்றால் என்ன? /26க்கு 64 முகவரிகள். 64இன் மடங்குகளில் 77 விழுவது 64க்கும் 128க்கும் இடையே. ஆகவே நெட்வொர்க் 64, பிராட்காஸ்ட் 127, கருவிகளுக்குக் கொடுக்கக்கூடியவை 65 முதல் 126 வரை, மொத்தம் 62. தினமும் காலையில் இப்படி ஐந்து கணக்கு தாளில் போட்டால், தேர்வு நேரத்தில் அரை நிமிடத்துக்கு மேல் எடுக்காது.

ஒன்றை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய கேள்வித்தாள் என்ற பெயரில் டம்ப் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அது தேர்வு விதிகளுக்கு விரோதம்; பிடிபட்டால் சான்றிதழே ரத்தாகலாம். பிடிபடாவிட்டாலும் இழப்பு உங்களுக்குத்தான். வேலையின் முதல் வாரத்தில் ஒரு மருத்துவமனையிலோ வங்கியிலோ நெட்வொர்க் நின்றுபோனால், மனப்பாடம் செய்த விடைகளில் ஒன்றுகூட அங்கே உதவாது. நம்பி நிற்பவர்கள் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிற நிலைமை எந்த இளைஞருக்கும் வரக்கூடாது.

எப்போது தயார்?

கூடப் படிக்கும் நண்பர் ஒருவரை உட்காரவையுங்கள். நான்கு விலேன், மூன்று ஸ்விட்ச், இரண்டு ரூட்டர் கொண்ட ஒரு சிறிய அலுவலகத்தை நீங்கள் அமைத்து ஓட்டிக் காட்டுங்கள். பிறகு எழுந்து வெளியே போங்கள். நண்பர் அதில் மூன்று இடங்களில் கைவைக்கட்டும்: ஒரு டிரங்க்கில் ஒரு விலேனை எடுத்துவிடலாம், ஒரு கேட்வேயை மாற்றலாம், ஒரு போர்ட்டை அணைக்கலாம். நீங்கள் திரும்பி வந்து, எதையும் மாற்றாமல், ஷோ கட்டளைகளை மட்டும் வைத்துத் தேடுங்கள். எது கெட்டிருக்கிறது, எப்படித் தெரிந்தது என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே திருத்தலாம்.

முதல் நாள் ஒரு மணி நேரம் ஆகும். நீங்கள் கேபிளில் தொடங்கி மேலே தேடிப் போகிறவரா, பிங்கில் தொடங்கிக் கீழே தேடி வருகிறவரா என்பது போகப்போகப் பிடிபடும். மூன்று தவறையும் கால் மணி நேரத்துக்குள், காரணத்தோடு சொல்லிவிட்ட அன்று, தேர்வுக்குத் தேதி குறியுங்கள்.