குடியிருப்பவரிடம் கேட்டு வீடு கட்டியவர்: கண்டியின் மினெட் டி சில்வா

ஊரிலுள்ள பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டுவதா, திருத்தி வைத்திருப்பதா என்ற பேச்சு எழாத புலம்பெயர் குடும்பங்கள் இன்று குறைவு. கனடாவிலிருந்து அண்ணன் ஒன்று சொல்வார். சுவிசிலிருந்து தங்கை வேறொன்று சொல்வார். அந்த வீட்டில் இருக்கப்போகும் அம்மாவிடம் மட்டும் பெரும்பாலும் ஒருவரும் கேட்பதில்லை. பழையதையும் புதியதையும் எப்படிச் சேர்ப்பது என்ற இதே கேள்வியோடு வாழ்நாள் முழுவதும் வேலை செய்த ஒரு கட்டடக் கலைஞரைப் பற்றி நாம் அறிந்திருப்பது நல்லது.

மினெட் டி சில்வா 1918இல் கண்டியில் பிறந்தார். தந்தை ஜோர்ஜ் ஈ. டி சில்வா அரசியல்வாதி. தாய் அக்னஸ், இலங்கைப் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று போராடியவர். மினெட் பம்பாயில் கட்டடக்கலை படித்தார். காந்தியின் விடுதலைக்கான ஊர்வலத்தில் கலந்துகொண்டு, மன்னிப்புக் கடிதம் எழுத மறுத்ததால் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். பின்னர் இலண்டனில் படிப்பை முடித்து, 1948இல் பிரித்தானியக் கட்டடக் கலைஞர்களின் அரச நிறுவனத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண் ஆனார். ஐரோப்பாவின் நவீன கட்டடக்கலைக்கு முன்னோடியான லு கோர்பூசியேயின் நட்பும் அவருக்குக் கிடைத்தது. ஆனாலும் 1949இல் கண்டிக்கே திரும்பி வந்து தொழிலைத் தொடங்கினார்.

கண்டியில் அவர் வடிவமைத்த முதல் வீடு மலைச்சரிவில் 1951இல் முடிந்தது. மண்ணை வெட்டிச் சமப்படுத்தாமல், சரிவோடு ஒட்டிப் படிபடியாக அதை இறக்கினார். கொங்கிறீற்றும் கண்ணாடியும் பயன்படுத்தினார். ஆனால் தும்பறைப் பாய் நெய்வோரைக் கொண்டு நெய்வித்த தட்டிகளை வீட்டின் உள்ளே பொருத்தினார். சுட்ட மண் ஓடுகளில் உள்ளூர்க் கைவினைஞர்களின் வேலைப்பாட்டைச் சேர்த்தார். வரவேற்பறைச் சுவரில் ஓவியர் ஜோர்ஜ் கீற் தீட்டினார். கொழும்பில் கட்டிய இன்னொரு வீட்டைத் தூண்களின் மேல் உயர்த்தி, கீழே காற்றும் தோட்டமும் நுழைய இடம் விட்டார். மாடிப்படியின் கைப்பிடிக் கிராதிக்குக் கண்டி அரக்கு வேலைக்காரரை அழைத்தார்.

இதை அலங்காரம் என்று எண்ணிவிடக் கூடாது. பாய் நெய்பவருக்கும் அரக்குக் கடைபவருக்கும் வேலை இருந்தால்தான் அந்தக் கலை அடுத்த தலைமுறைக்குப் போகும். கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டினால் பொருள் மிஞ்சும், தொழில் செத்துவிடும். மரபைப் பாதுகாப்பது என்றால் அதைப் புதிய வீட்டுக்குள் வேலை செய்ய விடுவதே என்பது அவர் கண்ட வழி. 1980களில் அவர் வடிவமைத்த கண்டி கலை மண்டபத்திலும் இதே எண்ணத்தைக் காணலாம்.

எங்களுக்கு மிகவும் பொருந்துவது அவருடைய வட்டப்புலுவ வீட்டுத்திட்டம். 1950களின் நடுப்பகுதியில் கண்டியில் அரச ஊழியர்களுக்கென 200க்கும் மேற்பட்ட வீடுகள் திட்டமிடப்பட்டன. ஒரே வீட்டை இருநூறு தடவை கட்டிக் கொடுத்திருக்கலாம். மினெட் அப்படிச் செய்யவில்லை. குடிவரப்போகும் குடும்பங்களுக்கு வினாக்கொத்து கொடுத்தார். எத்தனை பேர், எப்படிச் சமைப்பீர்கள், எங்கே கும்பிடுவீர்கள், எவ்வளவு செலவு செய்ய முடியும் என்பவற்றைத் தெரிந்துகொண்டு சில மாதிரிகளை வரைந்தார். குடும்பங்கள் அவற்றைத் தங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டன. பல இனத்தவரும் பல மதத்தவரும் அங்கே அயலவராகக் குடியேறினர். அது 1958ஆம் ஆண்டு. அந்த ஆண்டு நாட்டின் மற்ற இடங்களில் தமிழருக்கு என்ன நடந்தது என்பதை இதை வாசிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அவருடைய முறையை எங்கள் வீடுகளுக்கு எப்படிப் பொருத்தலாம்?

யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை எடுத்துக்கொள்வோம். நடுவிலுள்ள முற்றத்தால் சூடான காற்று மேலே போய்விடும், சுற்றியுள்ள விறாந்தை வெயிலைத் தடுக்கும். மின்விசிறி வருவதற்கு முன்னரே மனிதர் அங்கே நிம்மதியாகத் தூங்கினார்கள். அந்த முற்றத்தை மூடிக் கொங்கிறீற் தட்டுப் போட்டால், பிறகு குளிரூட்டி இல்லாமல் இருக்க முடியாது. பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்து பூசுவதும் தவறு. சுவரிலேறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிப் பூச்சை உதிர்க்கும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புச் சாந்துதான் பொருந்தும்.

இடிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றாலும், முதலில் வீட்டை அளந்து ஒரு படம் வரையுங்கள். ஒவ்வொரு அறையையும் புகைப்படம் எடுங்கள். எந்த அறையில் யார் பிறந்தார், எங்கே நெல் வைத்தார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். கதவு, நிலை, பனை வளை, ஓடு ஆகியவற்றில் நல்லவற்றைக் கழற்றிப் புதிய வீட்டில் பயன்படுத்துங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, அங்கே இருக்கப்போகிறவரைக் கேளுங்கள். முழங்கால் வலியோடு தனியாக இருக்கும் தாய்க்கு மூன்று மாடி வீடு எதற்கு?

1996இல் இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவகம் மினெட்டுக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. 1998இல் தனது 80ஆவது வயதில் கண்டியில் காலமானார். அவர் கட்டிய பல வீடுகள் இன்று இல்லை. இருப்பவற்றில் சில உருமாறிவிட்டன. அவர் வாழ்ந்த வீடே பாழடைந்து போனது. மரபைக் காக்க உழைத்தவரின் வீட்டைக் காக்க ஆளில்லாமல் போயிற்று. போர் எங்களிடமிருந்து எத்தனையோ வீடுகளைப் பறித்துவிட்டது. மிஞ்சியவற்றை என்ன செய்வது என்பது மட்டும் இன்னும் எங்கள் கையில் இருக்கிறது.