மூலமும் உரையும்: கூழ்த்தாள் இதழ்களின் ஓவியங்கள்

பனுவலோடு சேர்ந்து வரும் ஓவியத்தை அணி என்று கொள்வதே பெரும்பான்மை வழக்கு. கதை உடல் என்றும், ஓவியம் அதன்மேற் பூட்டிய நகை என்றும், நகையைக் கழற்றுவதால் உடலுக்கு ஊறில்லை என்றும் கருதுவர். அமெரிக்க நாட்டில் 1926 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் செழித்திருந்த அறிவியற் புனைகதை இதழ்களை நோக்குமிடத்து இக்கருத்துப் பொருந்தாமை புலனாகும். அவற்றில் ஓவியம் பனுவலுக்கு உரையாக நிற்கின்றது. ஒரோவழி ஓவியமே மூலமாகவும், கதை அதற்கு எழுந்த உரையாகவும் அமைகின்றது. இதனை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

இவ்விதழ்களை ஆங்கிலத்தில் 'பல்ப்' இதழ்கள் என்பர். மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சிடப் பெற்றமையின் அப்பெயர் எய்தின. பிராங்க் மன்சி என்பார் 1896ஆம் ஆண்டில் 'ஆர்கசி' இதழைக் கதைகளே நிரம்பிய கூழ்த்தாள் இதழாக மாற்றியது இவ்வகைக்குத் தோற்றுவாய். அறிவியற் புனைகதைக்கென்றே ஆங்கிலத்தில் தனியிதழ் எழுந்தது 1926 ஏப்ரலில் ஆகும். லக்சம்பர்க்கிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஹியூகோ கெர்ன்ஸ்பாக் தொடங்கிய 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்பதே அது.

இதழின் தாளே ஓவியத்தின் இயல்பை வரையறுத்தது என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும். மேலட்டை வழவழப்பான தாளில் வண்ணத்தில் அச்சாயிற்று. கடையில் நூறு இதழ்களுக்கிடையே தொங்கும் ஓரிதழ் தன்னை வாங்குவாரைத் தானே அழைத்தல் வேண்டுமாதலின் அவ்வண்ணங்கள் உரத்து நின்றன. உள்ளிருந்ததோ முரட்டுத்தாள். ஆப்டோன் பிளாக்கின் நுண்புள்ளிகள் அத்தாளில் மை பரந்து ஒன்றோடொன்று கலந்து கறையாகிவிடும். ஆதலின் உள்ளோவியங்கள் பெரும்பாலும் கோட்டாலும் முழுக்கருமையாலும் ஆகிய லைன் பிளாக்குகளாகவே அமைந்தன.

கெர்ன்ஸ்பாக்கின் முதன்மை ஓவியர் பிராங்க் ஆர். பால். 1884இல் ஆஸ்திரியாவிற் பிறந்த இவர் கட்டடக் கலை பயின்றவர். அப்பயிற்சியின் தடம் இவர்தம் ஓவியமெங்கும் உண்டு. வானளாவும் நகரங்களையும் பொறிகளையும் உறுப்பு உறுப்பாக வகுத்து, எது எதனைத் தாங்குகிறது என்பது தோன்றத் தீட்டினார். மாந்தர் உருவங்களோ விறைத்து நின்றன. சொற்பொருளிலே வல்லுநரான உரையாசிரியர் ஒருவர் மெய்ப்பாட்டைக் கூறாது விடுத்தலோடு இதனை ஒப்பிடலாம்.

ஓவியம் உரையாயின், மூலத்தோடு முரணும் உரையும் இருத்தல் இயல்பே. எச். ஜி. வெல்சு எழுதிய செவ்வாய்ப் படையெடுப்புக் கதையான 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' 1897இல் 'பியர்சன்ஸ்' இதழில் தொடராக வெளிவந்தபோது, வார்விக் கோபிள் என்பார் ஓவியம் வரைந்தார். 1898இல் அது நூலானபோது, செவ்வாயினரின் முக்காற் பொறிகளை நெகிழ்ச்சியற்ற விறைப்புடையனவாகக் காட்டிய ஓவியர் ஒருவரைப் பழிக்கும் பகுதியொன்றைக் கதை சொல்வோன் கூற்றிலேயே வெல்சு அமைத்தார். அது கோபிளையே சுட்டுவது என்பர். உரை பிழைபட்டதெனக் கருதிய ஆசிரியர் மூலத்தினுள்ளேயே மறுப்பெழுதினார் என்பது இதனாற் பெறப்படும். அக்கதையை 1927 ஆகஸ்டில் 'அமேசிங் ஸ்டோரீஸ்' மறுபடியும் வெளியிட்டபோது, பால் அப்பொறிகளை மேலட்டையில் தம் போக்கில் வரைந்தார். ஒரு மூலத்துக்குப் பல உரை தோன்றும் முறைமை இங்கும் உண்டு.

இனி, ஓவியம் மூலமாக நின்றமைக்குச் சான்று காண்போம். 1926 டிசம்பர் இதழின் மேலட்டையில், பெருங்கோளம் ஒன்றோடு கடற்கப்பல் ஒன்று வானத்தில் நிற்கும் காட்சியைப் பால் தீட்டினார். அதற்குரிய கதை எதுவும் அப்போது இல்லை. அவ்வோவியத்துக்கு இயைந்த கதை எழுதுவார்க்கு 500 டாலர் பரிசுத் தொகையை இதழ் அறிவித்தது. கிளேர் விங்கர் ஹாரிஸ் என்னும் பெண்மணி மூன்றாம் பரிசு பெற்றார். அவர்தம் 'தி ஃபேட் ஆஃப் தி பொசைடோனியா' 1927 ஜூனில் வெளிவந்தது. கடற்கப்பல் வானிற் செல்வானேன் என்னும் வினாவை ஓவியம் எழுப்பிற்று. நீரற்ற செவ்வாயினர் புவியின் கடல்நீரைக் கவர்கின்றனர், கப்பலும் அவர்கைப்பட்டது என்று கதை விடை கூறிற்று. பரிசு பெற்றவர் பெண் என்பதைக் கெர்ன்ஸ்பாக் வியப்போடு குறிப்பிட்டார். எழுத்தாளர் ஒருவரை அவ்விதழுக்குக் கொணர்ந்த வாயில் ஓர் ஓவியம் என்பது நாம் கருதற்பாலது. 1939இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியற் புனைகதை மாநாட்டின் சிறப்பு விருந்தினரும் எழுத்தாளர் அல்லர்; ஓவியர் பாலே ஆவார்.

பால் பொறிக்கு உரை கண்டாரெனின், மெய்ப்பாட்டுக்கு உரை கண்டவர் வர்ஜில் ஃபின்லே (1914-1971). இவர்தம் ஓவியம் 'வியர்ட் டேல்ஸ்' இதழில் 1935 டிசம்பரில், இவர்க்கு 21 அகவை நிரம்பிய நிலையில் முதன்முதல் வெளிவந்தது. பேனா முனையால் ஆயிரக்கணக்கிற் புள்ளியிட்டும், களிமண் பூசிய அட்டையில் மை தடவிக் கத்தியாற் சுரண்டியும் இவர் ஒளிநிழல் படைத்தார். ஆப்டோன் பிளாக் செய்யும் தொழிலைக் கையே செய்தது. புள்ளியின் அளவையும் இடைவெளியையும் தாளின் இயல்பறிந்து வகுத்தமையின் முரட்டுத்தாளிலும் அவை பிழைத்து நின்றன. தாளின் குறையே ஒரு கலையைப் பிறப்பித்தது எனல் மிகையன்று.

இவ்விதழ்களின் ஓவியம் அனைத்தும் நல்லுரை என்று யாம் கூறவில்லை. விற்பனை நோக்கிக் கதையில் இல்லாத அரைகுறை ஆடை மகளிரை அட்டையில் நிறுத்திய இதழ்கள் பல. எனினும், வாங்குவார் யாவர் என்று பதிப்பாளர் எண்ணினர் என்பதற்கு அவையும் சான்றாவன.

அக்கதைகள் பிற்காலத்தில் நூல்வடிவம் பெற்றபோது ஓவியங்கள் பெரும்பாலும் விடுபட்டன. இதழ்களோ தாளிலுள்ள அமிலத்தால் பழுத்து நொறுங்குகின்றன. இன்று அவற்றை மின்னுருவில் சேமிக்கும் முயற்சிகள் உள. ஆயின் தெளிவு குறைந்த படியெடுப்பில் ஃபின்லேயின் புள்ளிகள் வெறுஞ்சாம்பல் நிறமாகத் தேய்கின்றன. எழுத்தைப் படிக்க அப்படி போதும். ஓவியத்தைப் படிக்கப் போதாது. மேலட்டை இல்லாது ஹாரிசின் கதையைப் பதிப்பிப்பவர் மூலத்தை விடுத்து உரையை மட்டும் பதிப்பித்தவராவர். ஆதலின் இக்கதைகளைப் பதிப்பிப்போர் ஓவியத்தையும், அதனை வரைந்தவர் பெயரையும், அது கதைக்கு முந்தியதா பிந்தியதா என்பதையும் பனுவலோடு ஒருங்கே பதிவு செய்தல் கடனாகும்.