லிமிடெட் கம்பெனி... அன்லிமிடெட் பொய்!

பி.காம். படித்தவனுக்கு ஒரு சாபம் உண்டு. எவன் கம்பெனி ஆரம்பித்தாலும் ஃபாரம் நிரப்ப நம்மைத்தான் கூப்பிடுவான்!

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற வழியில் இருக்கும் சிநேகிதன் அப்படித்தான் கூப்பிட்டான். அப்பா காலத்துத் தறிக்கூடத்தை பிரைவேட் லிமிடெட் ஆக்கி, வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் நூலுக்குச் சாயம் போடும் பட்டறையும் வைக்கப் போகிறானாம்.

கம்பெனி பதிவு சுலபம். ஒரு லட்ச ரூபாயாவது மூலதனம் வேண்டும் என்ற விதியை 2015-லேயே எடுத்துவிட்டார்கள். 2020-ல் 'ஸ்பைஸ் பிளஸ்' வந்தபிறகு பெயர், பான், டான் எல்லாம் ஒரே ஆன்லைன் விண்ணப்பம். அதுவரை பயல் குஷியாக இருந்தான். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விண்ணப்பத்துக்கு வந்ததும் முகம் சுருங்கியது.

அது தலைகீழ் பரீட்சை சார்! 2016-ல் மத்திய வாரியம், எந்தத் தொழில் எவ்வளவு கெடுக்கும் என்று பார்த்து 100-க்கு மார்க் போட்டது. 60-ம் அதற்கு மேலும் சிவப்பு, 41 முதல் 59 ஆரஞ்சு, 21 முதல் 40 பச்சை, 20-க்குள் வெள்ளை. வெள்ளைக்கு அனுமதியே வேண்டாம், தகவல் சொன்னால் போதும். சிவப்புக்கு ஆயிரம் கேள்வி. துணியை நனைக்காதவரை பனியன் தைப்பவன் வெள்ளை. சாயம் போடுகிறவன் சிவப்பு. 2025-ல் மார்க் எல்லைகளைத் திருத்தினார்கள். சாயம் சிவப்பிலேயே நிற்கிறது.

"மாப்ள, தறி மட்டும்னு போட்டுரு. ஆன்லைன்தானே, கம்ப்யூட்டருக்குச் சாய வாடையா அடிக்கப் போகுது?"

"டேய், லிமிடெட்னா கடனுக்குத்தான் வரம்பு, பொய்க்கு இல்ல. 1974 நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி கம்பெனி தப்புப் பண்ணினா, நடத்துறவனும் சேர்ந்து மாட்டுவான்."

திருப்பூரைச் சொன்னேன். நொய்யல் ஆறு கெட்டுப்போய், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நூற்றுக்கணக்கான பட்டறைகளுக்குப் பூட்டு! அங்கேயாவது ஆறு இருந்தது. நம்ம வறண்ட காட்டில் கண்மாயும் கிணறும்தான். அதுவும் மழை பெய்தால்.

"பேங்க்ல பேசிட்டேன்டா. சாயம் சேர்ந்தாத்தான் நாலு காசு மிஞ்சும்" என்றான். குரல் இறங்கிவிட்டது. கிண்டல் பண்ண மனசு வரவில்லை.

அவன் அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். "தோட்டத்துக் கிணத்துத் தண்ணிப்பா. சுத்துவட்டாரத்துல இது ஒண்ணுதான் உப்புக் கரிக்காது. பக்கத்து வீட்டுக்காரங்களும் இங்கதான் எறைச்சுக்கிட்டுப் போவாங்க."

மடக் மடக்கென்று குடித்தேன். அவன் ஸ்கிரீனையே வெறித்துக்கொண்டிருந்தான்.

"என்ன மாப்ள, தறி மட்டும்னு போடவா?"

"போடு. இப்ப நிசமாவே தறி மட்டும்தான். சுத்திகரிப்பு இருக்கிற இடத்துலேர்ந்து சாய நூலை விலைக்கு வாங்கிக்கிறேன். லாபம் கொறையும்... பரவாயில்ல."

இத்தனை வருஷத்தில், ஒரு கட்டத்தில்கூடப் பொய் இல்லாமல் நான் நிரப்பிய முதல் ஃபாரம் அதுதான்!